கஞ்சித் தொட்டியில் பிறந்த மருத்துவமனை

அண்மையில் உள்நோயாளிப் பிரிவில், கணவருக்குத் துணையாகத் தங்கியிருந்த ஓர் அம்மையார் விடியற்காலையில் மயங்கி விழுந்தார். பரிசோதித்தபோது அவருடைய இரத்தச் சர்க்கரை மிகவும் தாழ்ந்திருந்தது. சர்க்கரை நோய் மாத்திரையைத் தவறாமல் விழுங்கியவர், இரவு உணவை மட்டும் தவிர்த்திருந்தார். “மருந்துச் செலவே பெரிதாக இருக்கிறது, ஐயா. தருமச் சோறு வாங்கக் கை கூசியது” என்றார். அவருக்கு நான் சொன்ன வரலாற்றை உங்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

பெருங்களத்தூரிலிருந்து மின்தொடர் வண்டியில் கடற்கரை நிலையம் சென்று, அங்கிருந்து சற்று வடக்கே போனால் ஸ்டான்லி அரசு மருத்துவமனையை அடையலாம். வடசென்னையின் முதியவர்கள் அதனைக் ‘கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி’ என்றே அழைப்பர். அப்பெயருக்குக் காரணம் ஒரு பஞ்சம்.

1780-ஆம் ஆண்டு ஹைதர் அலியின் படைகள் கர்நாடகப் பகுதிக்குள் நுழைந்தன. போரினால் வயல்கள் பாழாயின. பசியால் வாடிய கிராம மக்கள் சென்னைப்பட்டினத்தை நோக்கித் திரண்டனர். 1782-ஆம் ஆண்டில் ஊர் மணியக்காரர் ஒருவர் அவர்களுக்குக் கஞ்சி வார்க்கத் தொடங்கினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. அவருடைய பதவிப் பெயரே ஆங்கிலேயர் நாவில் திரிந்து ‘மணேகார் சத்திரம்’ என நிலைத்தது.

பசித்து வந்தவர்களுள் பலர் நோயாளிகளாகவும் இருந்தனர். 1799-ஆம் ஆண்டு ஜான் அண்டர்வுட் என்னும் மருத்துவர், சத்திரத்தையொட்டி உள்நாட்டு மக்களுக்கான மருத்துவமனையை அமைத்தார். 1910-ஆம் ஆண்டு அரசு அதனை ஏற்று, ராயபுரம் மருத்துவமனை எனப் பெயரிட்டது. பின்னர், சென்னை மாகாண ஆளுநராயிருந்த ஜார்ஜ் ஃபிரெடரிக் ஸ்டான்லியின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. 1938-ஆம் ஆண்டு ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி உருவாயிற்று. சத்திரமும் மறைந்துவிடவில்லை, ஆதரவற்ற முதியோரின் இல்லமாக அது தொடர்ந்தது.

கஞ்சிக்குப் பின்னரே மருந்து வந்தது என்னும் வரிசையை மருத்துவனாக நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு. பட்டினியால் மெலிந்த உடலில் காயம் ஆறுவது தாமதமாகும். நோய்த்தொற்றும் எளிதில் பற்றும். அதேவேளை, பல நாள் பட்டினி கிடந்தவருக்குத் திடீரென வயிறு நிறைய உணவளிப்பதும் ஆபத்து. இரத்தத்திலுள்ள பாஸ்பேட், பொட்டாசியம் போன்ற உப்புகள் சட்டெனக் குறைந்து, இதயத் துடிப்பே தடுமாறக்கூடும். ஆகவேதான் இன்றும் அத்தகையோருக்குத் தயமின் என்னும் வைட்டமினை முதலில் அளித்து, உணவைச் சிறிது சிறிதாகக் கூட்டுகிறோம். உணவும் அளவறிந்து தரவேண்டிய சிகிச்சையே.

துணைக்கு இருப்போரே, நோயாளிக்காக உங்கள் உணவை விட்டுக்கொடுக்காதீர்கள். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்கள் பட்டினி கிடப்பது உயிருக்கே ஆபத்து. கைகால் நடுக்கம், வியர்வை, படபடப்பு தோன்றினால் உடனே சர்க்கரை கரைத்த நீரைப் பருகிவிட்டுச் செவிலியரிடம் தெரிவியுங்கள். உணவுக்குப் பணமில்லையெனில் அதையும் எங்களிடம் சொல்லுங்கள். நோயைச் சொல்வதைப் போலவே அதையும் கூச்சமின்றிச் சொல்லலாம்.

அந்த அம்மையார் அன்று காலை இட்லி உண்டார். மறுநாள் அன்னதான வரிசையில், அடுத்த படுக்கை நோயாளியின் மகனையும் உடன் அழைத்துக்கொண்டு நின்றிருந்தார்.