நாட்டியம் தேடி மெயின் லைனில்

சென்னை எழும்பூரிலிருந்து விழுப்புரம், கடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை, கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் செல்லும் ரயில் பாதையை மெயின் லைன் என்பார்கள். 1929-இல் விருத்தாசலம், அரியலூர் வழியாகக் கார்டு லைன் வந்த பிறகு, மதுரை, நெல்லைப் பக்கம் விரையும் வண்டிகளில் பெரும்பாலானவை அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. மெயின் லைனுக்கு மிஞ்சியவை கோயில் ஊர்கள். பரதநாட்டியத்தில் ஈடுபாடு உள்ளவருக்கு அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. வெள்ளிக்கிழமை இரவு ஏறினால் சனிக்கிழமையைத் தஞ்சையிலும் ஞாயிற்றுக்கிழமையைச் சிதம்பரத்திலும் கழித்துவிட்டுத் திங்கள் காலை வேலைக்கு வந்துவிடலாம்.

சென்னையின் மேற்குப் புறத்தில் உள்ள அம்பத்தூர், ஆவடிக்காரர்களின் வீட்டு வாசலில் ஓடும் தண்டவாளம் மெயின் லைனைவிடப் பழையது. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் ரயில் இந்த வழியாகத்தான் போனது. ஆனால் அது மேற்கே போகும் பாதை. தஞ்சைக்குப் போக முதலில் கிழக்கே வர வேண்டும். லோக்கல் டிரெயினில் சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் காம்ப்ளக்சில் இறங்கி, சாலையைக் கடந்து பார்க் ஸ்டேஷனில் ஏறினால் அடுத்த நிறுத்தமே எழும்பூர். பூந்தமல்லிக்காரர்களுக்குப் பேருந்துதான், பூந்தமல்லி நெடுஞ்சாலையே எழும்பூர் பக்கம் கொண்டுவந்து சேர்த்துவிடும். தஞ்சைக்குப் போகும் உழவன் எக்ஸ்பிரஸ் இரவு நேர வண்டி என்பதால், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிப்டு முடித்தவர்கூடச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம். சுமார் 350 கிலோமீட்டர், விடிந்தால் தஞ்சை. 2024 நவம்பர் முதல் முன்பதிவு 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. வார இறுதிக்குப் படுக்கை வேண்டுமானால் அப்போதே எடுத்துவிடுவது நல்லது.

தஞ்சையில் நாட்டியம் முதலில் கல்லில் இருக்கிறது. முதலாம் ராஜராஜன் கட்டி 1010-இல் குடமுழுக்கு செய்த பெரிய கோயிலின் வெளிச்சுவர்க் கல்வெட்டுகள், அங்கே ஆட வந்த 400 பெண்களைப் பெயர் பெயராகச் சொல்கின்றன. சோழ நாட்டின் பல கோயில்களிலிருந்து வரவழைக்கப்பட்ட இவர்கள் தளிச்சேரிப் பெண்டுகள். எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், எந்தச் சேரியின் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பதுவரை கணக்கு உண்டு. ஒருவருக்கு ஒரு பங்கு, ஆண்டுக்கு 100 கலம் நெல். நட்டுவம் செய்தவருக்கு இரண்டு பங்கு. நெல்லை அளந்த மரக்காலுக்கும் ஆடும் சிவனின் பெயரான ஆடவல்லான் என்றே பெயர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆடிய பெண்களின் பெயரும் விலாசமும் கூலியும் சேர்ந்து கிடைப்பது உலகில் அபூர்வம். கோபுரத்தை அண்ணாந்து படம் பிடித்துக்கொண்டு போகிறவர்கள் இந்தச் சுவர்களைத் திரும்பியும் பார்ப்பதில்லை.

இன்னொரு புதையல் விமானத்தின் உள்ளே, மேல்தளத்துச் சுற்றறையில் இருக்கிறது. கையும் காலும் உடலும் சேர்ந்து இயங்கும் ஓர் அசைவுக்குக் கரணம் என்று பெயர். பரதரின் நாட்டிய சாஸ்திரம் 108 கரணங்களை விவரிக்கிறது. தஞ்சையில் அவற்றில் 81 செதுக்கப்பட்டுள்ளன. மீதி 27-க்கான கற்கள் செதுக்காமலே நிற்கின்றன. ஆடுபவர் நான்கு கைகளுடன் சிவனே. கீழ்த்தளச் சுற்றறையில் சோழர் கால ஓவியங்கள். நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் மறைந்திருந்த இவற்றை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ். கே. கோவிந்தசாமி 1931-இல் கண்டறிந்தார். இரண்டு தளங்களும் பொதுமக்களுக்குத் திறப்பதில்லை. கரணம் பார்க்கத் தஞ்சைக்கு வருபவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்.

அடுத்தது மேலராஜ வீதி. இன்று மேடையில் அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று வரிசையாக ஆடப்படும் கச்சேரி முறை இந்தத் தெருவில் வாழ்ந்த நான்கு சகோதரர்கள் வகுத்தது. சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய தஞ்சை நால்வர், முத்துசுவாமி தீட்சிதரிடம் இசை பயின்று, இரண்டாம் சரபோஜி மன்னரின் அரசவையில் இருந்தவர்கள். தனித்தனியாக ஆடப்பட்டவற்றை ஓர் ஒழுங்கில் கோத்து, அதற்கு வேண்டிய உருப்படிகளையும் அவர்களே இயற்றினார்கள். வடிவேலு திருவிதாங்கூரில் சுவாதித் திருநாளின் அவைக்குப் போனார். வயலினைக் கர்நாடக இசைக்குள் ஊன்றச் செய்தவர்களில் அவரும் ஒருவர். அரண்மனை வளாகம் நடக்கும் தூரம்தான். நாயக்கர் கால சங்கீத மகால், சரஸ்வதி மகால் நூலகம், நடராஜர் செப்புத் திருமேனிகள் உள்ள கலைக்கூடம் மூன்றும் அங்கேயே இருக்கின்றன. நேரம் குறைவாக இருந்தால் கலைக்கூடத்துக்கே முதலிடம் தரலாம்.

பாலே ரசிகருக்கும் இந்தப் பாதையில் ஓர் உறவு உண்டு. ருக்மிணி தேவி அருண்டேல் முதலில் கற்றது பாலே. ரஷ்ய நடனக் கலைஞர் அன்னா பாவ்லோவாவின் நட்பால் அந்த ஆர்வம் வந்தது. பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நார்டியிடம் பயின்றார். சொந்த நாட்டுக் கலையைத் தேடும்படி அவருக்குச் சொன்னவரும் பாவ்லோவாதான். தேடியபோது கிடைத்த ஆசான், தஞ்சை நால்வர் வழி வந்த பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. 1935-இல் அடையாறில் மேடையேறிய ருக்மிணி தேவி, அடுத்த ஆண்டு கலாக்ஷேத்ராவைத் தொடங்கினார். பந்தநல்லூருக்குக் கும்பகோணத்தில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும். இன்னொரு பெரிய நாட்டிய ஆசானான வழுவூர் இராமையா பிள்ளையின் வழுவூர் மயிலாடுதுறைக்குப் பக்கம். இரண்டு பெரும் பாணிகளின் ஊர்களும் ஒரே தண்டவாளத்தின் ஓரத்தில்!

ஆனால் சாதாரணச் சனிக்கிழமை மாலையில் தஞ்சையில் ஒரு நல்ல கச்சேரி கிடைக்கும் என்று எண்ணிப் போனால் ஏமாற்றம்தான். அதற்கு மார்கழி மாத மயிலாப்பூர் போதும். ஆட்டமும் பார்க்க வேண்டும் என்பவர் நாளைப் பொருத்திக்கொள்ள வேண்டும். மகா சிவராத்திரியை ஒட்டிப் பெரிய கோயிலில் நாட்டியாஞ்சலி நடக்கும். ஐப்பசி சதயத்தில் ராஜராஜன் விழா. கோயிலின் ஆயிரமாவது ஆண்டான 2010-இல் நடனக் கலைஞர் பத்மா சுப்ரமணியம் அமைத்த நடனத்தை ஆயிரம் பேர் அங்கே சேர்ந்து ஆடினார்கள். நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி, மே மாத வாக்கில், தஞ்சைக்கு அருகே மெலட்டூரில் பாகவத மேளா நடக்கிறது. மெலட்டூர் வேங்கடராம சாஸ்திரி எழுதிய தெலுங்கு நாடகங்கள். பெண் வேடமும் ஆண்களுக்கே. ஆட்டம் விடிய விடிய நீளும். கதையை ஆடியே சொல்லும் பாலேவுக்கு நம்மிடம் உள்ள நெருங்கிய உறவினர் இதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை தஞ்சையில் வண்டி ஏறிச் சிதம்பரத்தில் இறங்கினால், முந்தைய நாள் பார்க்க முடியாமல் போன கரணங்களைப் பார்க்கலாம். நடராஜர் கோயிலின் நான்கு கோபுர வாயில்களிலும், உள்ளே நுழையும் வழியின் இரு பக்கச் சுவர்களில், அவை அடுக்கடுக்காக நிற்கின்றன. இங்கே ஆடுபவர் இரண்டு கைகள் கொண்ட பெண். கிழக்கு, மேற்குக் கோபுரங்களில் நாட்டிய சாஸ்திரச் சுலோகங்களும் கிரந்த எழுத்தில் பொறிக்கப்பட்டிருப்பதால், எது எந்தக் கரணம் என்று ஆய்வாளர்கள் இனம் காண இவையே ஆதாரமாயின. மேல் வரிசைகள் இருட்டில் இருக்கும். சிறிய டார்ச் ஒன்று கைவசம் இருப்பது நல்லது. கிழக்குக் கோபுரத்துக்கு மட்டுமே ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் கோயிலைக் காலையிலேயே முடித்துக்கொள்ள வேண்டும். மாலை வண்டியில் இடம் கிடைக்காதவர்களுக்குச் சிதம்பரத்திலிருந்து சென்னைக்குப் பேருந்துகள் இரவு வரை உண்டு.