பொட்டலம் ஓரிடம், சான்றிதழ் ஓரிடம்

நெகிழி உறைகள் குறித்த ஆண்டறிக்கையை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையத்தளத்தில் தாக்கல் செய்வதற்கு விதிகள் குறிக்கும் கடைசி நாளான ஜூன் 30 நெருங்குவதால், அது எந்தக் கடையைக் கட்டுப்படுத்தும், எதைச் செய்தால் பொறுப்பு தீரும் என்று கேட்டு வணிகர்களிடமிருந்து வரும் கடிதங்கள் பெருகியுள்ளன. நெகிழிப் பையைத் தவிர்ப்பது, துணிப்பையை ஊக்குவிப்பது ஆகியவற்றில் எவருக்கும் ஐயமில்லை. குழப்பம் முழுவதும் சான்றிதழ் என்ற ஒன்றைச் சுற்றியே இருக்கிறது. சில்லறை வணிகம் சூழலுக்கு இசைவாக மாறுகிறதா என்ற கேள்விக்கான விடையும் பெரிதும் அதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

2022 பிப்ரவரியில் திருத்தப்பட்ட நெகிழிக் கழிவு மேலாண்மை விதிகள், ‘நீட்டிக்கப்பட்ட உற்பத்தியாளர் பொறுப்பு’ என்ற கோட்பாட்டை விரிவான நெறிமுறைகளோடு நடைமுறைப்படுத்தின. ஒரு பொருளை விற்றதோடு கடமை முடிவதில்லை, அதன் உறை குப்பையான பின்னரும் பொறுப்பு தொடர்கிறது என்பதே இதன் பொருள் என அரசு விளக்குகிறது. நடைமுறையில் தொடர்வது உறையைப் பற்றிய பொறுப்பன்று, உறையின் எடையைப் பற்றிய பொறுப்பு மட்டுமே. தம் சொந்த வணிகச்சின்னத்தில் பருப்பும் மசாலாத்தூளும் அடைத்து விற்கும் பேரங்காடிகளும், தொடர் அங்காடிகளும், இணையவழி விற்பனைத் தளங்களும் இதற்குள் வருகின்றன. குறு, சிறு தொழில் என்ற வரையறைக்குள் அடங்குவோருக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. 2025 ஏப்ரல் 1 முதல் அந்த வரையறையின் விற்றுமுதல் உச்சவரம்பு 50 கோடி ரூபாயிலிருந்து 100 கோடி ரூபாயாக உயர்த்தப்பட்டதால், ஓரளவு பெரிய அங்காடிகள்கூட இப்போது விலக்குக்குள் வந்துவிட வாய்ப்பிருக்கிறது.

கணக்கு போடப்படும் முறை இது. நிறுவனம் சந்தையில் இறக்கிய உறைகளின் எடை, கடந்த இரு நிதியாண்டுகளின் சராசரியாக, வகைவாரியாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. கெட்டியான டப்பாக்களும் புட்டிகளும் முதல் வகை. பைகளும் மெல்லிய தாள்களும் இரண்டாம் வகை. நெகிழியோடு வேறு பொருள் ஒன்றையேனும் சேர்த்து அடுக்கிய பளபளப்பான உறைகள் மூன்றாம் வகை. மக்கும் நெகிழி எனப்படுவது நான்காம் வகை. இவ்வாறு கணக்கிடப்படும் எடை முழுவதற்கும், அதாவது 100 விழுக்காட்டுக்கும், 2023-24 முதல் நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும். இந்த நூறு என்ற எண்ணே விளம்பரங்களில் பெரிதாகப் பேசப்படுகிறது. ஆனால் பொறுப்பேற்கும் எடை முழுவதும் மறுசுழற்சி ஆக வேண்டும் என்று விதி கூறவில்லை. 2024-25இல் இரண்டாம், மூன்றாம் வகைகளுக்குக் கட்டாயமாக இருந்த மறுசுழற்சி அளவு 30 விழுக்காடுதான், 2027-28இல்தான் அது 60 விழுக்காட்டை எட்டும். எஞ்சியது சிமென்ட் ஆலைச் சூளைகளில் எரிக்கப்பட்டாலும், சாலை போடப் பயன்பட்டாலும் பொறுப்பு நிறைவேறியதாகவே கொள்ளப்படும்.

நிறுவனம் தன் உறைகளைத் தானே திரட்ட வேண்டியதில்லை என்பதில்தான் இந்த ஏற்பாட்டின் சாமர்த்தியமும் ஆபத்தும் ஒன்றாக இருக்கின்றன. பதிவுபெற்ற மறுசுழற்சியாளர் ஒருவர் இத்தனை டன் கழிவைப் பதப்படுத்தினேன் என்று கணக்குக் காட்டி இணையத்தளத்தில் சான்றிதழ் உருவாக்குகிறார். அதே வகையில் கடமைப்பட்ட நிறுவனம் அதை விலைக்கு வாங்கித் தன் கணக்கை நேர்செய்துகொள்கிறது. திருநெல்வேலியில் விற்ற பருப்புப் பொட்டலத்தின் உறை தாமிரபரணிக் கரையில் கிடக்கலாம். குஜராத்திலுள்ள ஆலை ஒன்றின் சான்றிதழ் அதற்கு ஈடாகிவிடும். ஒவ்வொரு கடையும் தன் குப்பையைத் தேடித் திரிவதைவிட, மறுசுழற்சி எங்கே மலிவாக நடக்கிறதோ அங்கே பணம் போய்ச் சேர்வது சிக்கனமானது என்ற வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. எனினும் அந்த நியாயம் முழுவதும் ஆலையின் எடைமேடை உண்மை பேசுவதையே நம்பி நிற்கிறது. 2022-23 வரை உருவான ஏறத்தாழ 37 லட்சம் சான்றிதழ்களில் சுமார் 6 லட்சம் போலியானவை என்பது வாரியம் நடத்திய தணிக்கையில் 2023இல் வெளிப்பட்டது. தம் ஆலையின் திறனுக்கு மிஞ்சிய அளவைச் சிலர் காகிதத்தில் மட்டுமே பதப்படுத்தியிருந்தனர்.

கடமை தவறியவர்மீது சூழல் இழப்பீடு விதிக்கப்படுகிறது. ஆனால் விடுபட்ட அளவை ஓராண்டுக்குள் ஈடுசெய்தால் அந்தத் தொகையில் 75 விழுக்காடும், இரண்டு ஆண்டுகளுக்குள் என்றால் 60 விழுக்காடும், மூன்று ஆண்டுகளுக்குள் என்றால் 40 விழுக்காடும் திருப்பித் தரப்படும். இந்தச் சலுகை தாமதத்தையும் ஒரு வணிகக் கணக்காக மாற்றிவிடுகிறது. இவையனைத்திலும் வருத்தத்திற்குரியது, தெருவில் குனிந்து உறையைப் பொறுக்குபவருக்குச் சான்றிதழின் விலையில் இவ்வளவு பங்கு சேர வேண்டும் என்ற வரையறை எங்கும் இல்லாதிருப்பதாகும். எடையுள்ள புட்டிக்குக் காயலான் கடையில் காசு கிடைக்கிறது, எடையற்ற மசாலா உறையைப் பொறுக்கினால் கிடைப்பதில்லை, ஆகவே அது சாக்கடையிலேயே தங்கிவிடுகிறது.

இந்தச் சான்றிதழ் முறைக்கு நேர்மாறான ஏற்பாடு ஒன்று தமிழ்நாட்டிலேயே நடைமுறையில் இருக்கிறது. காட்டிலும் மலைச்சரிவிலும் வீசப்படும் மதுப்புட்டிகள் விலங்குகளின் கால்களைக் கிழிப்பது குறித்த வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் காட்டிய வழியில், 2022 மே மாதம் நீலகிரியின் டாஸ்மாக் கடைகளில் புட்டி ஒன்றுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப்புட்டியைத் திருப்பித் தந்தால் அந்தத் தொகையைத் திருப்பிக் கொடுக்கும் முறை தொடங்கியது. பின்னர் வேறு மாவட்டங்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. இதில் எங்கோ பதப்படுத்தப்பட்ட வேறொரு புட்டி ஈடாகாது. விற்ற புட்டியே கடைக்குத் திரும்ப வேண்டும், வீசுபவர் வீசினாலும் 10 ரூபாய்க்காக வேறொருவர் அதை எடுத்துவருவார். இடப் பற்றாக்குறையையும் வேலைப்பளுவையும் சுட்டி ஊழியர்கள் எழுப்பிய எதிர்ப்பு நியாயமானதே. அந்தச் சுமை கடைக்குள் வந்து விழுந்ததனால்தான் கழிவின் உண்மையான செலவு கண்ணுக்குத் தெரிந்தது. எண்ணெய்ப் புட்டிகளையும் கெட்டியான டப்பாக்களையும் விற்கும் பேரங்காடிகள் இதே வைப்புத்தொகை முறையைத் தாமாகவே மேற்கொள்ள எந்த விதியும் தடையாக இல்லை.

கடிதங்களில் எஞ்சிய வினாக்களுக்குச் சுருக்கமாக விடை தரலாம். விலக்குப் பெற்ற சிறு மளிகைக் கடை, தடைசெய்யப்பட்ட நெகிழிப் பொருள்களை விற்கலாமா என்றால், கூடாது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் நடைமுறையிலுள்ள தடை எல்லாக் கடைகளுக்கும் பொதுவானது. துணி போலத் தோன்றும் நெய்யப்படாத பைகள் பாலிப்ரொப்பிலீன் என்ற நெகிழியே, அவையும் அந்தத் தடைப் பட்டியலில் உள்ளன. மக்கும் நெகிழி, உரம் தயாரிக்கும் ஆலையின் வெப்பத்தில் மக்குவதற்காகச் செய்யப்பட்டது. குப்பைமேட்டில் அவ்வாறு மக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. நெகிழிக்கு அப்பால் பேரங்காடிகள் முதலில் கவனிக்க வேண்டியது எதுவென்றால், குளிர்பெட்டிகளில் ஏற்படும் வாயுக் கசிவு: ஆர்-404ஏ என்ற குளிரூட்டி வாயு, அதே எடையுள்ள கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 3,900 மடங்கு புவியைச் சூடாக்க வல்லது. மீண்டும் சான்றிதழுக்கு வந்தால், ஒரு வகையில் மிகுதியாக உள்ளதை வேறு வகைக்கு ஈடாகக் காட்ட முடியாது. அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்லலாம்.