உறங்காத கண்

கிளாஸ்கோ நகரின் வறிய பகுதியொன்றிலே 1819ஆம் ஆண்டு பிறந்து, பீப்பாய் செய்யும் தொழிலைக் கற்றுப் பிழைத்தவர் அலன் பிங்கேற்றன். உழைப்பாளர்க்கும் வாக்குரிமை வேண்டுமென எழுந்த சாசன இயக்கத்தில் இளமையிலேயே சேர்ந்தார். 1842இல் யோன் என்னும் பெண்ணை மணந்து, உடனே அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்; தம்மைக் கைதுசெய்ய ஆணை பிறந்திருந்ததெனப் பின்னாளிற் சொல்லிக்கொண்டார். அத்தகைய ஒருவர் உலகப் புகழ்பெற்ற காவல் நிறுவனத்தின் அதிபரான கதையை வாசிக்குந்தோறும் என் நெஞ்சில் ஓர் உறுத்தல் எழுகின்றது.

தொடக்கம் தற்செயலானது. இலினோய் மாநிலத்து டண்டீ என்னும் சிற்றூரில் பட்டறை நடத்தியவர், மரம் வெட்டுதற்கு ஆற்றுத்தீவொன்றுக்குச் சென்றவிடத்துக் கள்ளநாணயக் கூட்டத்தின் தடயங் கண்டு, அதனைப் பிடித்துக்கொடுத்தார். 1850 அளவிற் சிக்காகோவிலே துப்பறியும் நிலையம் உருவாயிற்று. திறந்த கண்ணொன்றும், 'நாங்கள் உறங்குவதில்லை' என்ற வாசகமும் அதன் இலச்சினை.

அந்நாட்களில் அவர்மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு. தப்பியோடிய அடிமைகளுக்குத் தம் இல்லத்திற் புகலிடம் அளித்தவர் அவர். பெண்களைப் பொலிசார் ஏற்காத காலத்தில், 1856இல், கேற் வோண் என்னும் பெண்ணைத் துப்பறிபவராக அமர்த்தினார். 1861இல் லிங்கன் இரகசியமாகப் பால்ற்றிமோர் நகரைக் கடந்தபோது, நோயுற்ற தன் சகோதரனென்று கூறி அவரை இரயிலில் ஏற்றியவள் அப்பெண்ணே.

ஆனால், வாடிக்கையாளர் இரயில்வே முதலாளிகளும் சுரங்க முதலாளிகளுமாயினர். பென்சில்வேனியா நிலக்கரிச் சுரங்கங்களிலே ஐரிசுத் தொழிலாளரின் இரகசியக் குழுவுக்குள் 1873இல் ஓர் ஒற்றனை அனுப்பினார். 1877 முதல் 1879 வரை இருபதுபேர் தூக்கிலிடப்பட்டனர். அவர்களிற் கொலைஞரும் இருந்திருக்கலாம். ஆயினும் தனியார் கம்பனி துப்பறிய, சுரங்க முதலாளியே வழக்குரைஞராய் வந்து வாதாடிய அவ்விசாரணையை நீதியென்று சொல்ல என் நா எழவில்லை. வேலைநிறுத்தக்காரரைக் கண்டித்து 1878இல் நூலொன்றும் வெளியிட்டார், பழைய சாசனக்காரர்!

வீட்டிலும் அவர் சொல்லே சட்டம். மகள் விரும்பிய மணத்தைத் தடுத்தார். அவள் வீட்டைவிட்டு வெளியேறி, விரும்பியவரையே மணந்தாள். முதுமையில் ஸ்கொத்லாந்திலிருந்து மரக்கன்றுகளை வருவித்து, கிராமத்து மாளிகையைச் சூழ நட்டார். பிறந்த மண்ணை அவர் மறக்கவில்லை போலும்.

1884இல் அவர் காலமானபின், புதல்வர் வில்லியமும் றொபேட்டும் நிறுவனத்தை நடத்தினர். 1892இல் ஹோம்ஸ்ரெட் உருக்காலைக்கு அவர்கள் அனுப்பிய முந்நூறு காவலர் வேலைநிறுத்தக்காரரோடு மோதினர்; இரு பக்கத்திலும் உயிர்கள் மடிந்தன. மறு ஆண்டு, அந்நிறுவனத்தாரை மத்திய அரசு வேலைக்கமர்த்தலாகாதெனச் சட்டம் பிறந்தது. நிறுவனமோ 1999இல் சுவீடன் கம்பனியொன்றின் கைக்கு மாறியும், பீப்பாய்க்காரரின் பெயரை விடவில்லை.