பதிப்புக்குப் பதிப்பு என்ன மாறியது? சிவிஎஸ் சொன்ன பதில்

ஒரு மென்பொருளின் 1.0 பதிப்புக்கும் 1.1 பதிப்புக்கும் இடையே என்னென்ன மாறின? இன்றைய பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளான கிட்டில் இதற்கு ஒரு வரிக் கட்டளை போதும். அதே வேலைக்கான பழைய மென்பொருளான சிவிஎஸ்ஸில் பதில் எளிதில் கிடைப்பதும் கிடைக்காததும், வெளியிட்டவர் அன்றைக்கே டேக் எனும் பெயர்க்குறி போட்டாரா என்பதைப் பொறுத்தது.

சிவிஎஸ் பிறந்தது ஆம்ஸ்டர்டாமில். விரிவுரையாளர் டிக் க்ரூன் இரண்டு மாணவர்களோடு ஒரு சி கம்பைலர் எழுதிக்கொண்டிருந்தார். ஒரு மாணவர் ஒன்பது முதல் ஐந்து வரை ஒழுங்காக வேலை பார்ப்பவர். இன்னொருவருக்கு நேரங்காலமே கிடையாது. க்ரூனுக்கோ மாலையில்தான் ஒழியும். அப்போதிருந்த ஆர்சிஎஸ் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியில் ஒருவர் கோப்பைத் திருத்த எடுத்தால் பூட்டு விழுந்துவிடும், மற்றவர் காத்திருக்க வேண்டும். க்ரூன் அதன் மேலேயே சில ஷெல் ஸ்கிரிப்ட்களை எழுதி, காத்திருக்கும் தொல்லையைத் தீர்த்தார். 1986இல் பொதுவில் வெளியிட்டார். 1989இல் பிரையன் பெர்லைனர் அதைச் சி மொழியில் புதிதாக எழுதினார்.

அடித்தளம் ஆர்சிஎஸ் ஆனதால் அதன் குணமும் கூடவே வந்தது: ஒவ்வொரு கோப்புக்கும் தனி வரலாறு, தனி எண். பார்சர் கோப்பு 1.47இல் நிற்கும்போது ரீட்மீ 1.2இல் கிடக்கும். இந்த எண்களுக்கும் வெளியீட்டு எண்ணுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

அதனால்தான் டேக். வெளியீட்டு நாளன்று எல்லாக் கோப்புகளின் அன்றைய நிலைக்கும் ஒரே பெயரைச் சூட்டிவிடுவார்கள். பெயரில் புள்ளி கூடாது, 1.1 என்பதை 1_1 என்று அடிக்கோடு போட்டு, முன்னால் எழுத்துகள் சேர்த்துத்தான் எழுத வேண்டும். பிறகு ஆர்டிஃப் கட்டளையிடம் இரண்டு டேக்குகளைக் கொடுத்துச் சுருக்கம் கேட்டால், இந்தக் கோப்பு 1.44இலிருந்து 1.47க்குப் போயிருக்கிறது, இது புதிது, இது நீக்கப்பட்டது என்று வரிவரியாகச் சொல்லும்.

எந்தெந்த மாற்றம் ஒரே வேலையைச் சேர்ந்தது என்பதுதான் சிவிஎஸ்ஸுக்குத் தெரியாது. ஒரு பிழைக்காக ஐந்து கோப்புகளைத் திருத்தினால், குறிப்பு ஐந்திலும் தனித்தனியாகப் பதிவாகும், அவ்வளவே. சிவிஎஸ்பிஎஸ் என்ற துணைக்கருவி இதைத் துப்பறியும்: ஒரே ஆள், ஒரே குறிப்பு, சில நிமிட இடைவெளி என்றால் ஒரே மாற்றமாகச் சேர்த்துக்கொள்ளும். கெட்டிக்காரத்தனமான ஊகம்தான், ஆனாலும் ஊகம். கோப்பின் பெயரை மாற்றினாலோ, பழையது நீக்கம், புதியது சேர்ப்பு என்று கணக்காகி வரலாறு அறுந்துபோகும். என்னைக் கேட்டால், சிவிஎஸ்ஸின் பெரிய குறை இதுதான்.

2004இல் வந்த சப்வெர்ஷன் 1.0 களஞ்சியம் முழுவதற்கும் ஒரே எண்ணைக் கொடுத்தது. பலர் அதற்கும், பிறகு கிட்டுக்கும் மாறிவிட்டார்கள். ஓபன்பிஎஸ்டி இயங்குதளம் போன்ற சில திட்டங்கள் மட்டும் இன்றும் சிவிஎஸ்ஸை விடவில்லை.

பழைய சிவிஎஸ் களஞ்சியம் ஏதாவது உங்கள் கைக்கு வந்தால், முதலில் டேக் பட்டியலைப் பாருங்கள். டேக் இல்லையென்றால் வெளியீட்டுத் தேதிகளைத் தேடிப் பிடியுங்கள். ஆர்டிஃப் தேதியையும் ஏற்கும்.