மூடிய லொறியில் மரக்கறிச் சுமையை அசையாமற் கட்டுதல்

நிலத்தைப் பண்படுத்தி, நாற்று நட்டு, நீர் இறைத்து, பீடைகளை ஒழித்து, அறுவடையும் செய்து முடித்த கமக்காரர் தமது வேலை முடிந்துவிட்டதென எண்ணுதல் இயல்பே. ஆயின், தோட்டத்துக்கும் சந்தைக்கும் இடையே நீண்டதொரு வீதி உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து தம்புள்ளைப் பொருளாதார நிலையத்துக்குச் செல்லும் வழி ஏறக்குறைய 250 கிலோ மீற்றராகும். அவ்வீதியிலே நசுங்கிப்போகும் தக்காளிக்கும், சந்தையிலே விலைபோகும் தக்காளிக்கும் இட்ட பசளையும் இறைத்த நீரும் ஒன்றே.

இலங்கையில் விளையும் மரக்கறி, பழவகைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, நுகர்வோரை அடையுமுன்னரே வீணாகின்றதென மதிப்பிடப்பட்டுள்ளது. சாக்குகளில் அளவுக்கு மிஞ்சித் திணித்தலும், கவனமின்றி ஏற்றி இறக்குதலும், வீதியிற் சுமை குலுங்குதலும் இவ்விழப்புக்கு முக்கிய காரணங்களாம். இதனைக் குறைக்கும் பொருட்டு 2011ஆம் ஆண்டின் இறுதியில் பிளாஸ்ரிக் பெட்டிகள் கட்டாயமாக்கப்பட்டபோது, தம்புள்ளை வியாபாரிகளிடையே எதிர்ப்புக் கிளம்பியது. எனினும், பெட்டிகளின் நன்மையை அறிந்த கமக்காரர் பலர் இன்று தாமாகவே அவற்றைக் கையாள்கின்றனர். ஆனால், பெட்டியில் இட்டால் மட்டும் போதாது. அப்பெட்டி லொறியினுள் அசையாதிருத்தலும் வேண்டும்.

மூடிய லொறியின் குறை

திறந்த லொறியில் தட்டின் விளிம்பிலே கயிறு மாட்டும் கொளுக்கிகள் இருக்கும். சுமையின் மேலாகக் கயிற்றை எறிந்து இருபுறமும் இழுத்துக் கட்டிவிடலாம். மூடிய லொறி வெயிலையும் மழையையும் தடுக்கும்; ஆனால், அதன் உட்சுவர் வழுவழுப்பானது. அங்கே கயிறு கட்டுதற்கு இடமில்லை. ஆதலால், பெட்டிகளை நெருக்கி அடுக்கிக் கதவை மூடிவிட்டாற் போதும் எனப் பலரும் கருதுகின்றனர். இது தவறு.

மணிக்கு 40 கிலோ மீற்றர் வேகத்தில் ஓடும் லொறி, ஒரு விநாடியில் 11 மீற்றர் செல்கிறது. குறுக்கே மாடொன்று வர, சாரதி தடையை மிதிக்கிறார். லொறி நிற்கிறது, உள்ளிருக்கும் சுமை நிற்பதில்லை. கடுமையாகத் தடை பிடிக்கும்போது சுமை தன் நிறையின் பத்தில் எட்டுப் பங்கு விசையுடன் முன்னோக்கித் தள்ளக்கூடும் எனக் கொண்டே கட்டுதல் வேண்டும். வளைவுகளிற் பக்கவாட்டிலும், புறப்படுகையிற் பின்னோக்கியும் பாதி நிறையளவு விசை உண்டாகலாம். 20 கிலோ கிராம் கொண்ட 50 பெட்டிகளை ஏற்றினால் மொத்த நிறை 1,000 கிலோ கிராம். அதனை முன்புறத்தே 800 கிலோவுக்கும், பக்கங்களில் 500 கிலோவுக்கும் ஈடுகொடுத்துத் தாங்குதல் வேண்டும். இதற்கு ஏற்ற வழி, உட்சுவர்களிற் கட்டுச் சட்டங்களைப் பொருத்துவதேயாகும்.

கட்டுச் சட்டம்

கட்டுச் சட்டம் என்பது ஏறக்குறைய 2½ மில்லி மீற்றர் தடிப்புள்ள உருக்குத் தகட்டாலான நீண்ட பட்டை. பெரும்பாலும் 10 அடி நீளத்திற் செய்யப்படும். அதன் நெடுகிலும் வரிசையாகத் துவாரங்கள் உண்டு. வளையத்தையோ கட்டுப்பட்டியின் நுனியையோ வேண்டிய துவாரத்தில் மாட்டலாம், வேண்டாதபோது கழற்றலாம். எனவே, சுமை சிறிதாயினும் பெரிதாயினும் அது நிற்கும் இடத்திலேயே கட்ட முடிகிறது. துருப்பிடியாதிருக்க நாகமுலாம் பூசிய சட்டமே நல்லது.

பொருத்தும் முறை

1. உயரத்தைத் தீர்மானித்தல்: இரு பக்கச் சுவர்களிலும் இரண்டு வரிசைச் சட்டங்கள் போதியன. மேல் வரிசை, வழமையாக அடுக்கும் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்களவில் இருத்தல் வேண்டும். கீழ் வரிசை, நிலத்திலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் இருக்கலாம். நீரிறைக்கும் இயந்திரம் போன்ற பாரமான பொருட்களையும் ஏற்றுவோர், தளத்திலும் சட்டங்களைப் பொருத்துதல் நன்று.

2. தூண்களைக் கண்டறிதல்: சட்டத்தின் வலிமை அதனைத் தாங்கும் இடத்தின் வலிமையே. உட்சுவரின் ஒட்டுப்பலகையில் மட்டும் திருகாணி முடுக்கினால், முதலாவது கடுந்தடையிலேயே அது பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். பலகைக்குப் பின்னாலுள்ள இரும்புத் தூண்களிலேயே பொருத்துதல் வேண்டும். திருகாணிகளும் தறைகளும் வரிசையாக அமைந்த இடத்திலே தூண் இருக்கும். காந்தத்தைக் கொண்டும் அறியலாம்.

3. பின்புறத்தைச் சோதித்தல்: துளையிடுமுன் சுவருக்குள் மின்விளக்குக் கம்பிகளும், தளத்தின் கீழே தடைக் குழாய்களும் எரிபொருட் தாங்கியும் இருக்கும் இடங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். தடைக் குழாயைத் துளைத்தவர் சுமையைக் காக்கப்போய் உயிரை இழக்க நேரிடும்.

4. கோடு இடுதல்: சுண்ணத்தூள் தோய்த்த நூலால் நேர்கோடு இட்டு, சட்டத்தை அதன்மேற் பிடித்துத் துளைகளைக் குறித்துக்கொள்க. சட்டத்தின் இரு நுனிகளும் தூண்களின் மேலேயே முடிதல் வேண்டும்.

5. துளைத்தல்: முதலிற் சிறு துளையும் பின்னர் உரிய அளவுத் துளையும் இடுக. இரும்புத் தூளைத் துடைத்தெடுத்து, துளையின் விளிம்பில் துருத்தடுப்பு மை பூசுக.

6. முடுக்குதல்: இயன்ற இடமெல்லாம் மறுபுறம் வரை செல்லும் போல்ற்றுகளையே உபயோகிக்க வேண்டும். நட்டின் கீழ் அகன்ற தகட்டினை வைத்தால் விசை பரவும். குலுக்கத்தில் நட்டுக் கழலாதிருக்கப் பூட்டு நட்டு அவசியம். எல்லாப் போல்ற்றுகளையும் தளர்வாக மாட்டிய பின்னர் ஒவ்வொன்றாக முடுக்குக. மழைநீர் உட்புகாதவாறு வெளிப்புறத் துளைகளை அடைத்துவிடுக.

துவாரமுள்ள சட்டம் கிடையாதவிடத்து, தடித்த இரும்புக் கோணத்தைத் தூண்களோடு இணைத்து, அதில் வளையப் போல்ற்றுகளைப் பொருத்தும்படி இரும்பு வேலைத்தலத்திற் கேட்கலாம்.

பட்டியின் வலிமை

பட்டி அறும் அளவு வேறு. பாதுகாப்பாகத் தாங்கும் அளவு வேறு. பின்னையது முன்னையதில் மூன்றில் ஒரு பங்கெனக் கொள்க. 1,500 கிலோவில் அறும் பட்டியை 500 கிலோவுக்கே நம்பலாம். ஏற்றும் நிறையின் பாதிக்காவது எல்லாப் பட்டிகளினதும் பாதுகாப்பு அளவின் கூட்டுத்தொகை ஈடாக வேண்டும். பட்டி, வளையம், சட்டம் ஆகிய மூன்றனுள் எது மெலிந்ததோ அதுவே முழுக் கட்டின் வலிமை. நூல் பிரிந்த பட்டியை முடிச்சிட்டு உபயோகித்தல் ஆகாது.

ஏற்றும் முறை

முதலாவது வரிசை முன்சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். கரட், கோவா போன்றவற்றைக் கீழும், தக்காளி, மிளகாய் போன்றவற்றை மேலும் வைக்க வேண்டும். ஒவ்வோர் இரண்டு வரிசைக்கும் பின்னால் ஒரு பட்டியைக் குறுக்கே இழுத்து முடுக்குக. பெட்டி வளையுமளவுக்கு இறுக்கினால், காக்க வந்த பட்டியே காயை நசுக்கிவிடும். பட்டி படும் ஓரத்தில் ஒரு பலகைத் துண்டு வைத்தல் நன்று. உழவு இயந்திரத்தின் பின்னே இழுக்கப்படும் பெட்டியாயின், சுமையின் பெரும்பாகம் அச்சுக்குச் சற்று முன்பாக அமைதல் வேண்டும். முதற் பத்துக் கிலோ மீற்றர் ஓடியபின் நிறுத்திப் பட்டிகளையும், முதற் பயணம் முடிந்தபின் போல்ற்றுகளையும் மீண்டும் முடுக்க வேண்டும். மூடிய பெட்டி வெயிலில் விரைவாகச் சூடேறுமாதலால், மாலையில் ஏற்றி இரவிற் செல்வதே உகந்தது.

இறுதியாக ஒன்று. இரவுப் பயணத்திலே சுமையின்மேல் உதவியாளைப் படுக்கவிடும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. ஆயிரம் கிலோச் சுமை சரியும்போது அதன் வழியில் அகப்பட்டவர் தப்புதல் அரிது. எத்துணை உறுதியாகக் கட்டினும் சுமைப் பெட்டியினுள் ஆளை ஏற்றுதல் கூடாது. நசுங்கிய தக்காளியை அடுத்த போகத்தில் மீண்டும் விளைவித்துக்கொள்ளலாம். போன உயிரை எந்தப் போகத்திலும் விளைவிக்க முடியாது.

தனியாகச் செலவிட இயலாதோர், ஒரே லொறியிற் பொருள் அனுப்பும் நால்வர் ஐவர் சேர்ந்து இவ்வேலையைச் செய்வித்துக்கொள்ளலாம். மேலும் விபரம் வேண்டுவோர் அண்மையிலுள்ள விவசாயப் போதனாசிரியரைக் கண்டு கேட்டறிவாராக.