சுவர் ஏறினால் மனச்சோர்வு குறையுமா?



மனச்சோர்வு உள்ளவரைச் சுவர் ஏறச் சொல்கிறார்கள் என்று கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். அதுவும் நம் காப்பாரில்! இங்கே குன்று ஏது? செம்பனை மரங்களும் கடலோரச் சதுப்பும் தூரத்தில் தெரியும் மின்நிலையப் புகைபோக்கிகளும்தான் நமக்குத் தெரிந்த உயரங்கள். ஆனால் ஜெர்மனியில் இது விளையாட்டுப் பேச்சு இல்லை. மனநல நிபுணர்கள் முறையாகச் சோதித்துப் பார்த்த ஒரு குழுச் சிகிச்சை. இதில் நம் வகுப்பறைக்கும் ஆசிரியர் அறைக்கும் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது, அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திவிடுவோம். மன அழுத்தம் வேறு, மனச்சோர்வு வேறு. யூ.ஏ.எஸ்.ஏ. கேள்வித்தாள் தயாரிக்கும் வாரத்தில் உங்களுக்கு வருவது அழுத்தம். வேலை முடிந்தால் போய்விடும். மனச்சோர்வு அப்படிப் போகாது. இரண்டு வாரத்துக்கு மேல், ஏறக்குறைய நாள் முழுக்க, மனம் இறங்கியே கிடக்கும். பிடித்த வேலையும் பிடிக்காது. தூக்கம் கெடும், பசி மாறும், 'நான் எதுக்குமே லாயக்கில்லை' என்ற எண்ணம் திரும்பத் திரும்பச் சுற்றும். பிள்ளைகளிடம் இது சோகமாகவே தெரிய வேண்டும் என்பதில்லை. எரிச்சல், வயிற்று வலி, பள்ளிக்கு மட்டம், திடீரென்று குறையும் புள்ளிகள் என்று வேறு முகத்தோடு வரும். அடங்காத பையன் என்று நாம் பெயர் வைத்த ஒருவனுக்கு உள்ளே இதுதான் இருக்கலாம்.

இது எங்கோ யாருக்கோ வருவது என்று நினைக்க வேண்டாம். 2022-இல் நம் நாட்டில் நடந்த தேசியச் சுகாதார ஆய்வில், 13 முதல் 17 வயது வரையுள்ளோரில் ஏறக்குறைய 4 பேரில் ஒருவருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் இருப்பது தெரியவந்தது. நம் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் அடுத்த ஆண்டு போய்ச் சேரும் கூட்டம் அது. பெரியவர்களிடையே 2023 ஆய்வு காட்டிய அளவு 4.6 விழுக்காடு, அதாவது சுமார் 10 லட்சம் பேர்.

இனி விஷயத்துக்கு வருவோம். ஜெர்மனியில் பயன்படுத்துவது 'போல்டரிங்' என்னும் ஏற்றம். கயிறு கிடையாது. சுவர் நான்கு மீட்டர் அளவுதான் இருக்கும், கீழே தடித்த மெத்தை. சுவரில் பல வண்ணங்களில் பிடிகள் பொருத்தியிருப்பார்கள். ஒரே வண்ணத்துப் பிடிகளை மட்டும் பிடித்தும் மிதித்தும் மேலே போக வேண்டும். எளிய வழி, கடின வழி எல்லாம் ஒரே சுவரில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஏறுபவர்கள் ஒவ்வொரு வழியையும் 'பிராப்ளம்' என்றே அழைக்கிறார்கள். கணக்கு டீச்சருக்குப் பிடித்துப்போகும்!

எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் கத்தரீனா லுட்டன்பெர்கரும் அவர் குழுவினரும் முதல் சோதனை முடிவுகளை 2015-இல் வெளியிட்டார்கள். 47 பேர், 8 வாரம், வாரத்துக்கு 3 மணி நேரம். பாதிப் பேர் உடனே தொடங்கினார்கள், மீதிப் பேர் காத்திருந்து பிறகு சேர்ந்தார்கள். ஏறியவர்களின் மனச்சோர்வுப் புள்ளி, 63 வரை போகும் ஓர் அளவுகோலில், 6-க்கு மேல் குறைந்தது. காத்திருந்தவர்களுக்கு ஒன்றரைப் புள்ளிகூடக் குறையவில்லை.

சரி, உடற்பயிற்சி செய்தால் யாருக்கும் மனசு லேசாகத்தானே செய்யும் என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி, அவர்களும் கேட்டார்கள். 2020-இல் வந்த அடுத்த ஆய்வில் எர்லாங்கன், மியூனிக், பெர்லின் நகரங்களைச் சேர்ந்த 133 பேர். ஒரு பிரிவினருக்கு 10 வாரம் ஏற்றச் சிகிச்சை, மறு பிரிவினருக்கு வீட்டிலேயே செய்யும் உடற்பயிற்சி. இம்முறை 60 வரை போகும் வேறோர் அளவுகோல். அதில் ஏறியவர்களுக்கு 8.4 புள்ளி குறைந்தது, வீட்டில் பயிற்சி செய்தவர்களுக்கு 3 புள்ளி. ஆக, வியர்வை மட்டும் காரணமில்லை. 2022-இல் வெளியான மூன்றாவது ஆய்வு, பல நாடுகளில் முதல்நிலைச் சிகிச்சையாகக் கருதப்படும் அறிவுசார் நடத்தைச் சிகிச்சையோடு இதை ஒப்பிட்டது. அதைவிட இது சளைத்ததில்லை என்பதே முடிவு. 'அதைவிடச் சிறந்தது' என்று அவர்கள் சொல்லவில்லை. இந்த வேறுபாட்டை நாளிதழ்த் தலைப்புகள் விழுங்கிவிடும், நாம் விழுங்கக் கூடாது.

உள்ளே என்னதான் நடக்கிறது? வந்தவுடன் சுவரில் தொங்கவிடுவதில்லை. முதலில் கண்ணை மூடி மூச்சையும் உடம்பையும் கவனிக்கும் சிறு பயிற்சி. பிறகு சிகிச்சையாளர் அன்றைய தலைப்பை எடுப்பார்: எல்லைகள், நம்பிக்கை, தன்மதிப்பு, நம்மிடம் நாமே வைக்கும் எதிர்பார்ப்பு என்று வாரத்துக்கு ஒன்று. அதற்குப் பிறகுதான் சுவர். தலைப்பு நம்பிக்கை என்றால் ஒருவர் கண்ணைக் கட்டிக்கொண்டு ஏறுவார், இன்னொருவர் கீழே நின்று 'வலது கை, கொஞ்சம் மேலே' என்று வழி சொல்வார். எதிர்பார்ப்பு என்றால், ஏறும் முன் 'எதுவரை போவேன்' என்று சொல்லச் சொல்லி, பிறகு எதுவரை போனார் என்பதோடு ஒப்பிடலாம். மனச்சோர்வு உள்ளவர் 'ரெண்டாவது பிடிகூட முடியாது' என்பார். ஐந்தாவதில் நிற்பார். அதை அவரே பார்ப்பார், குழுவும் பார்க்கும். கடைசியில் எல்லாரும் உட்கார்ந்து பேசுவார்கள்: இன்று சுவரில் பயந்த மாதிரி வீட்டில் எங்கே பயப்படுகிறேன்? உதவி கேட்க ஏன் கூச்சப்பட்டேன்?

அந்தக் கடைசிப் பேச்சுதான் இதைச் சிகிச்சையாக ஆக்குகிறது என்பது என் கருத்து. பேச்சை எடுத்துவிட்டால் மிஞ்சுவது நல்ல விளையாட்டு.

சுவருக்கும் தனிப் பங்கு உண்டு. மனச்சோர்வின் பெரிய கொடுமை, ஒரே எண்ணம் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. நடக்கும்போதும் ஓடும்போதும்கூட அது சுற்றும். விரல் நழுவப் போகிற நேரத்தில் அதைச் சுற்ற விட முடியாது. அடுத்த பிடி எங்கே என்பதைத் தவிர வேறெதற்கும் மனதில் இடமிருக்காது. பல மாதங்களாகக் கிடைக்காத ஓய்வு அது. அதோடு, இந்த நோய் மனிதரைத் தனியே ஒதுக்கி உட்கார வைக்கும். இங்கேயோ கீழே இருப்பவர் குரல் கொடுக்காமல் மேலே இருப்பவர் நகர முடியாது.

கட்டுப்பாடுகளையும் சொல்லிவிட வேண்டும். ஆய்வில் கலந்துகொண்டவர்கள் ஜெர்மானியப் பெரியவர்கள், தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் அல்லர். நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற சிகிச்சையாளர்கள். மருந்து சாப்பிடுபவர் இதற்காக மருந்தை நிறுத்தவே கூடாது. நீங்களும் நானும் ஆசிரியர்கள், நோயைக் கண்டறிவதோ தீர்ப்பதோ நம் வேலை இல்லை. கவனிப்பதும், உரியவரிடம் கொண்டு சேர்ப்பதும் நம் வேலை.

நம்மவர்களுக்கும் ஏற்றம் அந்நியமில்லை. இந்நாட்டிலிருந்து முதன்முதலில் எவரெஸ்ட் உச்சியைத் தொட்ட இருவர், 1997 மே 23-இல், எம். மகேந்திரனும் என். மோகனதாசும். பத்துமலையில் 272 படி ஏறிய நம் பிள்ளைகளில் பலருக்கு, அதே சுண்ணாம்புக் குன்றின் வேறு பக்கங்களில் வெளிநாட்டினர்கூட வந்து கயிறு கட்டிப் பாறை ஏறுகிறார்கள் என்பது தெரியாது. உட்புறச் சுவர் வேண்டுமென்றால், காப்பாரிலிருந்து போய்வரக்கூடிய தூரத்தில் பண்டார் உத்தாமாவின் ஒன் உத்தாமா பேரங்காடியில் கேம்ப்5 இருக்கிறது. அது விளையாட்டுக்கூடம், சிகிச்சை நிலையம் அல்ல. புறப்பாட நடவடிக்கைக்கு ஒரு நாள் அழைத்துப் போகத் தகுந்த இடம்.

போகவே முடியாத பள்ளி என்ன செய்யலாம்? சுவரை விட்டுவிடுங்கள், முறையை எடுத்துக்கொள்ளுங்கள். உடற்கல்விப் பாடத்தில் ஒரே நடவடிக்கைக்கு மூன்று கடினநிலை வைத்து, எதில் தொடங்குவது என்பதை மாணவனையே தேர்ந்தெடுக்க விடலாம். 'முடியாது லா டீச்சர்' என்பவனிடம், எவ்வளவு முடியும் என்று முதலில் சொல்ல வைத்து, பிறகு செய்ய வைக்கலாம். கண் கட்டி நடத்திச் செல்லும் விளையாட்டைத் திடலிலேயே நடத்தலாம். விழுந்தவனைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது என்ற விதியை முதல் நாளே போட்டுவிடுங்கள். முடிவில் ஐந்து நிமிடம் வட்டமாக உட்கார்ந்து பேசுங்கள். அந்த ஐந்து நிமிடத்தை மணி அடித்துவிட்டது என்று வெட்டாதீர்கள். பேசாமல் இருக்கும் பிள்ளையைக் கட்டாயப்படுத்த வேண்டாம். அவன் பெயரை மட்டும் மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

சிறிய தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில் முழுநேர ஆலோசனை ஆசிரியர் இல்லை. அப்படியென்றால் தலைமையாசிரியர் வழியாகப் பெற்றோரிடம் பேசி, அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்கு அனுப்பலாம். தேவைப்பட்டால் அங்கிருந்து கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பார்கள். பெற்றோரிடம் பேசும்போது 'மனநோய்' என்று ஆரம்பித்தால் கதவு மூடிக்கொள்ளும். 'பிள்ளை சரியா தூங்குறானா, சாப்பிடுறானா?' என்று தொடங்குங்கள். கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டியிருக்கிறோம் என்பார்கள். கட்டட்டும், அதோடு டாக்டரையும் பார்க்கட்டும்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு எழுந்தால், வாரக் கடைசிவரை காத்திருக்காமல் அன்றே பிள்ளையைத் தனியே விடாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டம் 309-ஆம் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று அஞ்சும் பெற்றோருக்கு இதைச் சொல்லுங்கள். சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555. அது ஆசிரியர்களுக்கும்தான். ஆசிரியர் அறையில் மூன்று வாரமாக யாரோடும் சாப்பிட வராத சக ஆசிரியை ஒருவர் இருந்தால், அந்த எண்ணைக் கொடுப்பதற்கு முன் அவர் மேசைக்குப் போய் 'வாங்க டீச்சர், தே குடிச்சுட்டு வருவோம்' என்று கூப்பிடுங்கள்.

ஏறுமிடத்துக்கு மாணவர்களைக் கூட்டிச் செல்வதானால் மாவட்டக் கல்வி இலாகா அனுமதியும் பெற்றோர் ஒப்புதல் கடிதமும் முன்கூட்டியே வேண்டும். ஆஸ்துமா, வலிப்பு, பழைய எலும்பு முறிவு பற்றிக் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள். நகம் வெட்டியிருக்க வேண்டும், மோதிரமும் வளையலும் வீட்டில். ஏறும் காலணி அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். அது விரலை இறுக்கிப் பிடிக்கும், பிள்ளைகள் கட்டாயம் புலம்புவார்கள்.