மூளைக் கட்டிகளும் குருதி-மூளைத் தடுப்பும்

குருதி-மூளைத் தடுப்பு என்பது குருதியில் உள்ள பொருட்கள் கட்டுப்பாடின்றி மூளைத் திசுவுக்குள் நுழையாமல் காக்கும் அமைப்பு ஆகும். மூளையில் புற்றுக்கட்டி வளரும்போது இத்தடுப்பு கட்டியின் நடுவில் சிதைகிறது. ஓரங்களில் பெரும்பாலும் சிதையாமல் நிற்கிறது. கிளையோபிளாஸ்டோமா போன்ற கட்டிகளைக் குணப்படுத்துவது கடினமாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

தடுப்பின் அமைப்பு

மூளையின் நுண்குழாய்ச் சுவரில் உள்ள செல்கள் இடைவெளியின்றி இறுக்கமாக இணைந்துள்ளன. 1967இல் தாமஸ் ரீஸ், மோரிஸ் கார்னோவ்ஸ்கி ஆகியோர் சுண்டெலியின் மூளையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்து இதைக் காட்டினர். ஆக்சிஜனும், கொழுப்பில் கரையும் சிறு மூலக்கூறுகளும் இச்சுவரைக் கடக்கும். குளுக்கோசை உள்ளே கொண்டுசெல்லத் தனிப் புரதங்கள் உண்டு. பி-கிளைக்கோபுரதம் போன்ற வேறு சில புரதங்கள், நுழைய முயலும் அந்நியப் பொருட்களைக் குருதிக்கே திருப்பித் தள்ளும். புற்றுநோய் மருந்துகள் பலவும் இவ்வாறு வெளியேற்றப்படுகின்றன.

கட்டி ஏற்படுத்தும் மாற்றம்

வேகமாக வளரும் கட்டியின் உள்ளே ஆக்சிஜன் குறையும்போது, புற்றுச்செல்கள் குருதிக்குழாய் வளர்ச்சிக் காரணியைச் சுரக்கின்றன. இதனால் உருவாகும் புதிய குழாய்கள் ஒழுங்கற்றவை, கசியக்கூடியவை. நீரும் புரதமும் வெளியேறி மூளை வீங்குகிறது. மண்டையோடு விரியாது என்பதால் உள்ளழுத்தம் கூடித் தலைவலி, வாந்தி முதலியன தோன்றுகின்றன. டெக்சாமெத்தசோன் மருந்து கசிவைக் குறைத்து வீக்கத்தைத் தணிக்கும். ஆனால் கட்டியை அழிக்காது.

படத்தில் தெரிவதும் தெரியாததும்

எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது செலுத்தப்படும் கடோலினியம் சேர்மம் நலமான தடுப்பைக் கடக்காது. தடுப்பு சிதைந்த இடத்தில் மட்டும் கசிந்து, படத்தில் வெண்மையாக ஒளிரும். எனவே ஒளிரும் பகுதி தடுப்பு உடைந்த இடத்தைக் காட்டுகிறதே தவிர, கட்டியின் முழு எல்லையை அன்று. கிளையோபிளாஸ்டோமா செல்கள் நரம்பிழைகளையும் குருதிக்குழாய்களையும் ஒட்டி ஊர்ந்து, அந்த எல்லைக்கு அப்பாலும் பரவியிருக்கும். ஒளிரும் பகுதி முழுவதையும் அறுவை செய்து நீக்கிய பிறகும், பெரும்பாலும் அதன் ஓரத்திலேயே நோய் மீண்டும் தோன்றுவது இதனால்தான்.

சிகிச்சை

அறுவைக்குப் பின் எஞ்சும் செல்கள் சிதையாத தடுப்புக்குப் பின்னால் இருப்பதால், பல மருந்துகள் அவற்றைப் போதிய அளவில் எட்டுவதில்லை. டெமோசோலோமைடு சிறிய மூலக்கூறு ஆதலால் ஓரளவு உள்ளே செல்கிறது. 2005இல் வெளியான ஆய்வில், கதிர்வீச்சுடன் இதைச் சேர்த்தபோது நோயாளிகளின் இடைநிலை வாழ்நாள் 12.1 மாதத்திலிருந்து 14.6 மாதமாக உயர்ந்தது. கார்முஸ்டின் மருந்து கொண்ட வில்லைகளை அறுவைக் குழியிலேயே வைப்பது மற்றொரு முறை. நுண்குமிழிகளைக் குருதியில் செலுத்தி, குவித்த மீயொலியால் தடுப்பைத் தற்காலிகமாகத் திறக்கும் முறையும் ஆராயப்படுகிறது. 2015இல் டொராண்டோவில் மூளைக் கட்டி நோயாளிக்கு இம்முறை முயலப்பட்டது.

எல்லாக் கட்டிகளும் ஒன்றுபோல் அல்ல. சிறுவர்களுக்கு வரும் மெடுல்லோபிளாஸ்டோமாவில் 'டபிள்யூஎன்டி' எனும் வகை, தன் குழாய்களைத் தானே கசியச் செய்கிறது. மருந்து எளிதில் நுழைவது, இவ்வகை நன்கு குணமாவதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

மாறாக, பெவாசிசுமாப் மருந்து கசியும் குழாய்களை அடைக்கிறது. வீக்கம் தணிந்து நோயாளிக்கு ஆறுதல் கிடைக்கலாம்; படத்தில் ஒளிர்வும் குறையும். ஆனால் கட்டி அப்படியே இருக்கக்கூடும். ஆகவே ஒளிர்வு குறைந்ததை மட்டும் வைத்து நோய் குறைந்துவிட்டதாக மருத்துவர்கள் முடிவு செய்வதில்லை. பிற வகைப் படங்களையும் நோயாளியின் நிலையையும் சேர்த்தே மதிப்பிடுகின்றனர்.